மலையில் இறக்கிய இருபத்திரண்டு பைகள்

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். வண்டி ஓட்டிக்கொண்டு போன நான். பதிவு போடுகிற அக்கா; ஒவ்வொரு குடும்பத்தின் கார்டையும் ஆளையும் போனில் படம் பிடித்து ஏற்றுவது அவர் வேலை. அந்த ஊரில் பெண் எடுத்து அங்கேயே தனி அடுப்பு வைத்துத் தங்கிவிட்ட மாப்பிள்ளை ஒருவர். அங்கன்வாடியில் சமைக்கிற அம்மா, அவர் பக்கத்து ஊரிலிருந்து இங்கே குடிவந்தவர். தேன் எடுக்க வந்து அங்கேயே குடிசை போட்டுக்கொண்ட கிழவர். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய் ஊருக்கு வந்து தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். இந்த நாலு பேர் வண்டியருகே. தள்ளி, பலா மரத்தடியில் ஊர்ப் பெரியவரும், மேட்டு வீட்டு மருமகளும். மருமகள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தையைச் சேர்த்தால் ஒன்பது.

இதை எத்தனை தடவை எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆபீசில் கேட்டார்கள், வீட்டில் மனைவி கேட்டாள், பிறகு கேட்க ஆளில்லாதபோது நானே கேட்டுக்கொண்டேன். எண்ணினால் கூடிவிடப் போவதில்லை.

வந்திருக்க வேண்டியது இருபத்தாறு குடும்பம்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனராகப் போய், டிரைவராகி, முதுகு விட்டுப்போய், கடைசியில் இந்தக் குட்டியானை லோடு வண்டிக்கு வந்து சேர்ந்தேன். ஒடுகத்தூரில் கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் கொடுக்கிற அரிசி, பருப்பு, எண்ணெய், மல்லாட்டைக் கடலை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் கட்டி, மீந்த காய்கறியைக் கூடையில் போட்டு, மாதம் இரண்டு முறை மலை ஊர்களுக்குக் கொண்டுபோகிற வண்டி. பக்கத்துப் பலகையில் ‘நடமாடும் உணவு வங்கி’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், எல்லாம் இலவசம், யாராவது காசு கேட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றும் இருக்கும். முதல் நாள் அந்த ஊர்ப் பெரியவர் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பேங்க்குன்னா திருப்பிக் கட்டணுமே. வட்டி எம்மா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கவலை பழக்கம். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்த பிறகும் அடித்தேனா என்று சந்தேகம் வரும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து கல்லைத் தொட்டுப் பார்ப்பேன். பைகளை ஏற்றும்போது ஒரு முறை, அடிவாரத்தில் ஒரு முறை, ஊருக்குப் போனதும் ஒரு முறை எண்ணுவேன். ஆபீசில் ஒரு சட்டம் உண்டு: ஒரு ஊரில் பதினைந்து கார்டாவது ஏறினால்தான் வண்டி அங்கே நிற்கும். அதற்குக் குறைந்தால் அந்த ஊரை எடுத்துவிட்டு, காத்திருக்கிற வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்கிற இந்த ஊர்தான் வண்டிப் பாதையில் கடைசி. அதற்கு மேலே ரோடு இல்லை.

அது ஆடி மாதம். சாமை விதைத்து முளை வந்திருந்தது. போன வருஷச் சாமை தீர்ந்துபோய், ரேஷன் அரிசியும் மாதக் கடைசிக்குத் தாங்காமல், மலையில் கை இறுகிப்போகிற காலம். அந்தக் காலத்துக்காகத்தான் வண்டியே.

ஹாரன் அடித்தேன். நாலு பேர்தான் வந்தார்கள்.

“இன்னா மாப்ள, ஊர்ல ஒருத்தரையும் காணோம்?” என்றேன். எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

“ஒனக்குத் தெரியாதாணா? மேட்டு வூட்டுப் பெருசு பூட்டாரு. பத்து நாள் ஆவுது. ஊரே பங்காளிங்க. எல்லாருக்கும் தீட்டு. கருமாதி முடியற வரைக்கும் வெளித் தானியம் வாசப்படி தாண்டாது.”

“அப்போ நீ?”

“நான் வேற ஊட்டுப் புள்ள. எனக்கு மூணே நாளு, குளிச்சிட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஊர்ல மாப்ளன்னு ஒருத்தனும் மதிக்கல. இன்னிக்குத்தான்ணா ஒரு லாபம்.” பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

வந்திருந்த மற்ற மூன்று பேரும் அதேபோலத்தான். ஒருவர் வெளியூர், ஒருவர் வேறு வகையறா, அந்தப் பெண் கட்டிக்கொடுத்துவிட்டதால் புருஷன் வீட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்திலும் தீட்டு உண்டு. ஆனால் தீட்டு வீட்டில் கடைக்குப் போய் அரிசி வாங்குவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் அந்த ஊருக்குப் போய்வந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா போனைப் பார்த்துக்கொண்டே, “நாலுதான் தம்பி ஏறிக்கீது” என்றார்.

“நாலா?”

“நாலு பேர் வந்தா நாலுதான் ஏறும். நான் இன்னா பண்ணட்டும்? இந்த ஊரை எடுத்துடுவாங்க, பாரு.”

நான் பலா மரத்தடிக்குப் போனேன். பெரியவரிடம் பதினைந்து கார்டு சட்டத்தைச் சொன்னேன். பையை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், வந்து படத்துக்கு நின்றால் போதும் என்று சொன்னேன். கையில் வாங்குவதும் உள்ளே கொண்டுபோவதும் ஒன்றுதான் என்றார் அவர்.

“ஒரு ஆறு நாள் தம்பி. அப்பால இன்னா வோணுமோ குடு, வாங்கிக்கிறோம். நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போடற? பசி எங்களுக்குத்தான.”

செத்துப்போனவரின் மருமகள்தான் பக்கத்தில் நின்றவள். குழந்தை அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவன், சாவுக்கு வந்துவிட்டுக் கருமாதிக்காகக் காத்திருந்தான். வேலைக்குப் போகாததால் நாள் கூலி நின்றிருந்தது. அவள் கேட்டாள், “அண்ணா, அடுத்த வாட்டி வருவீங்க இல்ல?”

“வராம எங்கம்மா போவேன்.”

“அரிசி தீந்துபோச்சி. கெழங்கு கீது, ஆறு நாள் ஓட்டிடுவோம். ஆனா அதுக்கு அப்பால நீங்க வந்துடணும்.”

அவள் என்னைத்தான் பார்த்தாள், வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி வருவது என் கையில் இருப்பதாக நினைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்து சரியென்றும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஊருக்கு வெளியே புளி தட்டுகிற கொட்டகை ஒன்று இருந்தது. அது யார் வீடும் இல்லை. மீதி இருபத்திரண்டு பையையும் அங்கே இறக்கிவிடலாம், சாவி மாப்பிள்ளையிடம் இருக்கட்டும், கருமாதி முடிந்த மறுநாள் அவர் பிரித்துக் கொடுக்கட்டும், பதினைந்து நாளில் நாம் வரும்போது அவர்களைப் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“அதெல்லாம் ஆவாது தம்பி. ஆள் இல்லாம பை எறக்கக்கூடாது.”

“ஆள் எங்கேயும் போவலையே, அக்கா. அதோ நிக்கிறாங்க பாருங்க.”

“எனக்குத் தெரியுது. போனுக்குத் தெரியலையே.”

சரக்குச் சீட்டில் ‘மீதி 22 ஓட்டுநர் பொறுப்பு’ என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு பேனா மூடியைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடுகிற ஆள் நான், அன்று இருபத்திரண்டு பைக்குப் பொறுப்பு எழுதினேன். இப்போதும் நம்பமுடியவில்லை. மாப்பிள்ளையும் நானும்தான் இறக்கினோம். பெரியவர் தூரத்திலிருந்து எந்தப் பையும் தரையில் படாமல் பலகை போடச் சொன்னார். மேட்டு வீட்டு மருமகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டையாவது கொடுக்கலாம் என்று போனேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மல்லாட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஆபீசில் கூப்பிட்டார்கள். அந்த ஊரை எடுத்துவிட்டார்கள். மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். “அண்ணே, நாலு கார்டுக்கு அவ்வளவு டீசல் செலவு பண்ண முடியாது. காத்திருக்கிற ஊர் எத்தனை இருக்கு, உங்களுக்கே தெரியும்” என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அதுதான் கஷ்டம். பிறகு இருபத்திரண்டு பை எங்கே என்று கேட்டார். சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு வரி வந்தது. தீட்டு என்று எழுதினேன், பங்காளி என்று எழுதினேன், கருமாதி என்று எழுதினேன். சொன்னால் புரிகிற விஷயம், எழுதிப் பார்த்தால் திருடன் சொல்கிற சாக்குப் போல இருந்தது.

பை ஒன்றுக்கு முந்நூறு. ஆறாயிரத்து அறுநூறு. மாதம் ஐந்நூறாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். வண்டி மறுபடி அந்த ஊருக்குப் போனால்தானே படம் பிடித்து, பை போய்ச் சேர்ந்ததைக் காட்டமுடியும்? வண்டிதான் போகாதே. இதை நான் சொன்னேன். மேனேஜரும் ஆமாம் என்றார்.

லீவு நாளில் காலை பஸ் பிடித்து, இறங்கி, நடந்து, நான் மட்டும் அந்த ஊருக்குப் போனேன். கைநாட்டு வாங்க மை டப்பாவும் பேர் எழுதிய தாளும் கொண்டுபோனேன். கருமாதி முடிந்திருந்தது. வேலிகளில் மஞ்சள் பைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். எண்ணினேன், பத்தொன்பது தெரிந்தது. மேட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தக் குழந்தை வாசலில் உட்கார்ந்து வாயெல்லாம் சோறாக இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது.

எல்லோரும் வந்து கைநாட்டு வைத்தார்கள். சிலர் கையெழுத்தே போட்டார்கள். “இன்னாத்துக்கு ணா இதெல்லாம்?” என்று மாப்பிள்ளை கேட்டார். ஆபீசுக்கு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கவலைக்காரன் வாய் நிற்காது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.



மேட்டு வீட்டு மருமகள்தான் முதலில் பேசினாள். “உங்க சம்பளத்துல புடிக்கிற அரிசியவா அண்ணா நாங்க துன்னோம்?”

“இல்லம்மா, அது ஆபீஸ் அரிசி. இது வேற கணக்கு.”

“இன்னா வேற கணக்கு? பை எங்க வூட்ல, காசு உங்க வூட்ல போவுது. நீங்களும் புள்ளகுட்டிக்காரருதான?”

பெரியவர் எழுந்து போனார். சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது துண்டில் முடிச்சுப் போட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். வீடு வீடாக வாங்கியது. பத்து ரூபாய்க் காசுதான் அதிகம்.

“இது இப்போதிக்கி. மீதிய புளி உலுக்கினதும் தர்றோம். புடி.”

நான் வாங்கவில்லை.

பலகையில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததுதான் என் கண்ணில் நின்றது. எங்கள் வண்டியில் எனக்கு முன்னால் ஓட்டிய டிரைவரை, ஒரு ஊரில் இரண்டு பலாப்பழம் வாங்கிக்கொண்டார் என்று நிறுத்தியிருந்தார்கள். இலவச அரிசியை மலையில் விற்றான் என்று ஒரு பேச்சு வந்தால் அப்புறம் எந்த ஸ்டியரிங்கும் கைக்கு வராது. பெரியவர் கையை நீட்டியபடியே நின்றார். வேண்டாம் பெரியவரே, வேண்டாம் பெரியவரே என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். அன்றைக்கு மேட்டு வீட்டு மருமகள் என் மல்லாட்டையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாளே, அப்படி.

அன்று நான் தனியாகத்தான் போயிருந்தேன். அக்கா இல்லை, போன் இல்லை, படம் இல்லை. வாங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதை நான் பஸ் அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கைநாட்டுத் தாளைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். போன மாதக் கணக்கு மூடியாகிவிட்டது, பிடித்தம் மாறாது என்றார். ஆனாலும் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டை விரலாகப் பார்த்தார். “சரிண்ணே, ஒரு தடவ போய்ப் பாருங்க. பதினஞ்சு வந்தா ஊரை மறுபடி சேத்துடலாம்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே கூச்சமாகிவிட்டது.

இருபத்தாறு பை ஏற்றிக்கொண்டு அக்காவும் நானும் போனோம். மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியிருந்தேன். சாவு இல்லை, தீட்டு இல்லை, மழைகூட இல்லை. ஹாரன் அடித்தேன். ஊரே வந்தது. எண்ண ஆரம்பித்தேன், இருபதைத் தாண்டியது. அக்கா போனைத் துடைத்து எடுத்தார். அங்கன்வாடி அம்மா, தேன் கிழவர், தாய் ஊருக்கு வந்திருந்த பெண் மூன்று பேரும் வாங்கினார்கள். அதற்குமேல் யாரும் வண்டியருகே வரவில்லை.

“வாங்க பெரியவரே.”

“ஒன் பாக்கி தீந்துச்சா தம்பி?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இது புதுப் பை.”

“ஒருத்தன் சோத்துல கை வெச்சிட்டு, அது செமிக்கறதுக்குள்ள மறுபடி கைநீட்ட எங்களுக்குத் தெரியாது. அன்னிக்கி குடுத்தத வாங்கினியா? வாங்கியிருந்தா கணக்கு ஓடிக்கினு இருக்கும், நாங்களும் வந்து நிப்போம். நீ தள்ளிட்ட.” துண்டு முடிச்சை இடுப்பிலிருந்து எடுத்தார். அது அப்படியே இருந்தது. “இப்போ வாங்கிக்கோ. பைய நாங்க வாங்கிக்கிறோம்.”

அக்கா என்னைப் பார்த்தார். அக்கா நல்லவர், ஆனால் அவருக்கும் வேலை வேண்டும். “தம்பி, எம்முன்னாடி வாணாம்” என்று மெதுவாகச் சொன்னார்.

மாப்பிள்ளை நிலைமையை லேசாக்கப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் அந்தாண்ட திரும்பி நில்லுங்கக்கா, மலை நல்லாத்தான் கீது, பாருங்க” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் பை வாங்கவில்லை. “நானும் மாமியா வூட்டு அரிசியத் துன்னவன்தான்” என்றார்.

நான் கெஞ்சினேன். குழந்தைக்காகவாவது வாங்கிக்கொள் என்று மேட்டு வீட்டு மருமகளிடம் சொன்னேன். அவள் புருஷன் மறுபடி மிளகுக்குப் போய்விட்டான், பணம் இன்னும் வரவில்லை என்று மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தார். அவள் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “உங்களுது தீரட்டும் அண்ணா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்கு உடம்பு சரியில்லாததுபோலவும், தேறட்டும் என்பதுபோலவும் சொன்னாள்.

மூன்று பதிவு. இருபத்து மூன்று பையோடு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பைகள் சரிகிற சத்தம் கேட்டது. அடுத்த வாரம் அந்த ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லை. வைகாசியில் வண்டி போகிற ஊர்ப் பட்டியலைப் புதிதாகப் போடும்போது வேண்டுமானால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னார்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாள் மாப்பிள்ளை போன் போடுகிறார். ஊருக்குள் டவர் இல்லை. பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். காற்றுச் சத்தத்தோடு கேட்பார், “ணா, இன்னும் எம்மா?” நான் சொல்வேன். அவர் கீழே போய்ச் சொல்வார் போலிருக்கிறது. ஒரு மாதம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிப் பார்த்தேன். “ஒனக்கு அது வராதுணா, கொரலு ஆடுது” என்று சிரித்தார். ஆயிரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க ஒருநாள் ஆபீஸ் வாசல் வரை போனேன். வீட்டு வாடகையும் மனைவியின் மாத்திரையும் ஞாபகத்துக்கு வந்தன. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சாமை அறுப்பு முடிந்துவிட்டது. இப்போதைக்கு அவர்களுக்கு ஓடும். நான் ஆடி மாதத்தைத்தான் எண்ணுகிறேன். மாதம் ஐந்நூறு என்றால் தீர இன்னும் ஒன்பது மாதம், விரல் விட்டுப் பார்த்தால் ஆடி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வந்துவிடத்தான் செய்கிறது.

நேற்றும் போன் வந்தது. இந்த முறை மாப்பிள்ளை பக்கத்தில் மேட்டு வீட்டு மருமகளும் ஏறி வந்திருந்தாள். குழந்தை ஏதோ மழலையில் கத்துவது கேட்டது, நடக்கிறானாம் இப்போது. “அண்ணா, இன்னும் எம்மா கீது?” என்று அவளே கேட்டாள்.

இன்னும் நாலாயிரத்து நூறு ரூபாய்.